முழங்கையில் ஒரு தொடுதல்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

காதில் விழாமல் போன ஒரு சத்தம் விழவில்லை என்பது ஒருவருக்கு எப்படித் தெரியும்? நேற்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். "எனக்குத் தெரியாதும்மா" என்று சொன்னேன். லீவு விட்டதைப் போல வகுப்பே சந்தோஷப்பட்டது. கருத்துக்கணிப்புகளில் வரும் பிழைகளைப் பற்றிய பாடம் அது. 'உங்களுக்குக் காது நன்றாகக் கேட்கிறதா?' என்று மக்களைக் கேட்டு எடுத்த ஒரு கணக்கைப் பலகையில் எழுதியிருந்தேன். பெரும்பாலோர் 'ஆம்' என்றிருந்தார்கள். அப்போதுதான் எழுந்து இதைக் கேட்டாள். இது உன் துறை. பதில் எழுது.

நான் சுகம். முட்டிவலி மட்டும் மாடிப்படியில் நினைவூட்டுகிறது. உன் உடம்பு எப்படி? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை இன்னமும் இரண்டு அறுவைகளுக்கு நடுவே நின்றபடி பிஸ்கட்டா?

"போன்ல பேசினா காத்தோட போயிடுதுக்கா. எழுது. ரெண்டு தடவை படிக்கலாம்" என்று நீ சொன்னது எனக்கு வேடிக்கையாக இருந்தது. என் பிறந்தநாளையே நினைவில் வைக்காதவனுக்கு என் பேச்சு இரண்டு தடவை வேண்டுமா என்று சந்தேகம் வந்தது. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள், பொருட்படுத்தாதே.

எழுத வந்தது வேறு. தங்கையின் மகள் வாலுவுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. இன்னும் 'மா' என்ற ஒரே சொல்தான். கூப்பிட்டால் திரும்புவதில்லை. "புடிவாதம்க்கா, அப்படியே அவங்க அப்பா" என்கிறாள் தங்கை. பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் செய்த காதுச் சோதனையில் தேறியவள்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுச் சமையலறையில் குக்கர் மூடியை நழுவவிட்டேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. வாலு பொம்மையின் கையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

தங்கையிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. சீக்கிரம் எழுது.

அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முட்டிக்கு நான் பொறுப்பில்லை; கழுத்துக்கு மேலேதான் என் எல்லை. நான் நன்றாக இருக்கிறேன். பிஸ்கட் தொடர்கிறது.

உன் மாணவிக்குப் பதில்: தெரியாது. அதனால்தான் எனக்கு வேலை இருக்கிறது. கண் மங்கினால் உலகம் மங்குகிறது. காது மங்கினால் உலகம் அப்படியே இருக்கும். மற்றவர்கள்தான் முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

வாலு விஷயத்தில் நாள் கடத்தாதே. இத்துடன் ஒரு கிலுகிலுப்பை அனுப்பியிருக்கிறேன். கடைப் பொம்மை இல்லை, எங்கள் சோதனை அறையில் வைத்திருப்பது. மணல் சரிவதைப் போல மெலிதான, மேல் சுருதியில் உள்ள சத்தம் மட்டும் அதிலிருந்து வரும். வாலுவைத் தரையில் உட்கார வைத்து, தங்கை எதிரே ஒரு பொம்மையைக் காட்டிவிட்டு மறைக்கட்டும். அந்த நேரம் பார்த்து நீ அவளுக்குப் பின்னால், காது உயரத்தில், கை நீளத் தூரத்தில் இதை ஆட்டு. உன் நிழல் அவள் முன்னால் விழக் கூடாது. தரை அதிரக் கூடாது. சோப்பு வாசனைகூடக் காட்டிக்கொடுத்துவிடும். காது கேட்காத குழந்தைகள் மற்ற எல்லாவற்றையும் கவனித்துத் திரும்பிவிடுவார்கள். பெற்றவர்கள் வருடக்கணக்கில் ஏமாறுவது அதனால்தான்.

நர்ஸ்கள் எனக்கு 'மௌனசாமி' என்று பெயர் வைத்திருப்பது இந்த வாரம்தான் தெரியவந்தது. பொருத்தமான பெயர். நான் துளைக்கும்போது அறையில் யாரும் பேசக் கூடாது. இருமல் வந்தாலும் வெளியே போய்த்தான் இருமவேண்டும். காதுக்குப் பின்னால் உள்ள எலும்பைத் துளைத்துக்கொண்டு போகிற வழியில், முகத்தை அசைக்கும் நரம்பு கிடக்கும். ஒரு நூல் கனம்தான். அதன்மேல் உள்ள எலும்பு முட்டை ஓடு மாதிரி மெலியும்போது டிரில்லின் சத்தம் மாறும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும். எச்சரிக்கிற மிஷின் ஒன்று உண்டு. சில சமயம் அது கத்துவதற்குள் காரியம் கெட்டிருக்கும். டிரில்லின் அந்தச் சத்தத்தை நம்பித்தான் நானும் இத்தனை குழந்தைகளின் முகமும் இருக்கிறோம்.

நான் முதன்முதலில் காதுக்குள் கருவி வைத்த குழந்தை ஞாபகம் இருக்கிறதா? என் மூக்கைக் கடித்ததே, அதுதான். இப்போது கல்லூரியில் படிக்கிறது. வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தது. அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் எல்லாரையும் வதைத்தேன்.

கிலுகிலுப்பையின் முடிவை உடனே எழுது.

தம்பி


பிப்ரவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

உன் பார்சல் உடையாமல் வந்தது. இங்கே உடம்புக்கு யாருக்கும் குறையில்லை.

நீ சொன்னபடியே செய்தோம். இரண்டு பக்கமும், பல முறை. வாலு திரும்பவில்லை. கடைசியில் என் முட்டி தாங்காமல் தரையில் கையை ஊன்றினேன். உடனே திரும்பிச் சிரித்தாள். நீ எழுதியிருக்காவிட்டால் நாங்களும் அதை நம்பியிருப்போம்.

தங்கை என் கையிலிருந்து கிலுகிலுப்பையை வாங்கித் தன் காதருகே ஆட்டினாள். "சத்தம் வருதேக்கா?" என்றாள். "வருது" என்றேன். அப்புறம் அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். மடித்த துணியையே திரும்பவும் உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அது மிக மெலிதாகத்தான் கேட்டது. நல்ல கருவிதான்.

அடுத்த வாரம் அவர்கள் உன்னிடம் புறப்பட்டு வருகிறார்கள். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. உன் வீட்டில் குழந்தை கைக்கு எட்டுகிற உயரத்தில் கண்ணாடிப் பொருள் இருந்தால் இப்போதே எடுத்து மேலே வை. பேர் சும்மா வைக்கவில்லை.

அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கையும் வாலுவும் நல்லபடியாக வந்து சேர்ந்திருப்பார்கள். இங்கே வீட்டுக்குத்தான் அவர்கள் போனது இன்னும் உறைக்கவில்லை. இன்று சோபாவுக்கு அடியில் ஒற்றைச் செருப்பு கிடைத்தது.

சோதனைகள் முடிந்தன. வாலுவுக்கு இரண்டு காதிலும் கேட்கும் திறன் அநேகமாக இல்லை. பிறக்கும்போது கொஞ்சம் இருந்து பிறகு தேய்ந்திருக்கிறது. சில மாதம் காதில் மாட்டும் கருவியை வைத்துப் பார்ப்போம். பலன் இருக்காது என்பது என் கணிப்பு. பிறகு அறுவை, உட்காதுக்குள் மின்கம்பி வைக்கும் கருவி. சரியாகச் செய்தால் பள்ளிக்கூடம் போகும் வயதில் உன்னையே எதிர்த்துப் பேசுவாள். நானே செய்கிறேன். தங்கையிடம் கேட்டதற்கு, "உன்னை விட்டுட்டு வேற யார் கையில குடுப்பேன்ணா?" என்றாள்.

ரத்தத்தை எங்கள் ஆராய்ச்சிப் பிரிவில் பார்த்தோம். இத்தனை வருடம் மற்றவர்கள் வீட்டில் தேடிக்கொண்டிருந்தது நம் வீட்டிலேயே இருந்திருக்கிறது. தாய் மூலமாக மட்டும் பிள்ளைகளுக்கு வருகிற கோளாறு. கடைசிக் காலத்தில் அம்மா டிவி சத்தத்தைக் கூட்டிவைத்து நம்மிடம் திட்டு வாங்கினாளே, அது வயசுக் கோளாறு இல்லை. அம்மா பெற்ற எல்லாரிடமும் இது இருக்கும். ஆனால் எல்லாரையும் ஒரே மாதிரி படுத்தாது. சிலருக்குத் தொட்டில் பருவத்திலேயே வரும். சிலருக்கு நாற்பதைத் தாண்டி மெல்ல வரும். சிலருக்கு வரவே வராது. நீயும் அங்கே ஒரு நல்ல இடத்தில் காதைச் சோதித்துக்கொள். பயப்பட ஒன்றுமில்லை.

என் ஜூனியர் டாக்டரை உனக்குத் தெரியுமே, நான் 'நெட்டை' என்று கூப்பிடுகிற பெண். அவளுக்கு ஒரு புதுப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். நான் துளைக்கும்போது அவள் பக்கத்தில் நின்று சத்தத்தை மட்டும் கவனிக்கவேண்டும். அது மாறியதும் என் முழங்கையைத் தொடவேண்டும். ஒரு தடவைகூடத் தவறுவதில்லை. நல்ல காது.

தம்பி


ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? வெயில் ஏறிவிட்டது. வாலு காதில் மாட்டிய கருவியைக் கழற்றி மீன்தொட்டியில் போட்டாள். மீன்களுக்கும் பலன் தெரியவில்லை.

உன் சொல்லைத் தட்டாமல் நானும் காதைச் சோதித்துக்கொண்டேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கேட்ட எல்லாவற்றுக்கும் அழுத்தினேன். ஒரு கட்டத்தில் சத்தம் நின்றுவிட்டது. மிஷின் பழுதாகிவிட்டது போல என்று நினைத்தேன். வெளியே வந்து கேட்டால், அந்த நேரம் முழுவதும் சத்தம் வந்துகொண்டிருந்ததாம். "மேல் சுருதியெல்லாம் உங்களுக்குப் போயிடுச்சு மேடம். பேச்சு நல்லா கேக்கறதால தெரியாது" என்றாள் அந்தப் பெண். என் மாணவியின் கேள்விக்குப் பதிலாக அந்தக் கண்ணாடி அறைக்குள் நானே உட்கார்ந்திருந்திருக்கிறேன். கிலுகிலுப்பை எனக்கு மெலிதாகக் கேட்டதன் காரணமும் அதுதான்.

தங்கைக்கு ஒரு குறையும் இல்லையாம். ஆக, அம்மா பெற்ற மூவரில் இருவரின் நிலை தெரிந்துவிட்டது.

நீ சோதித்துக்கொண்டாயா?

வாலுவின் அறுவை எப்போது இருக்கும்? நெட்டை மேற்படிப்புக்கு முயல்வதாகத் தங்கை சொன்னாளே, கிடைத்ததா? டாக்டர்கள் கூட்டத்தில் நீ பேசவிருந்த சொற்பொழிவு என்ன ஆயிற்று? இரும்புச்சத்து மாத்திரை வாங்கினாயா? எல்லாவற்றுக்கும் பதில் எழுது.

அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டால் நீ நம்பப்போவதில்லை. அதனால் கேட்கவில்லை.

சொற்பொழிவு நன்றாக நடந்தது. எல்லாக் குழந்தைகளையும் ஒரு தடவை மட்டும் இல்லாமல் பள்ளியில் சேரும் வரை திரும்பத் திரும்பச் சோதிக்கவேண்டும், பிறந்த அன்று தேறியதை நம்பக் கூடாது என்று பேசினேன். வாலுவைப் பற்றிச் சொன்னபோது பலர் குறிப்பெடுத்தார்கள். கடைசியில் சபையிலிருந்து கேள்வி கேட்கும் நிகழ்ச்சியை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீண் பேச்சு. மாத்திரை வாங்கினேன். வாலுவுக்கு அறுவை செப்டம்பரில். நெட்டைக்கு மேற்படிப்பு கிடைக்கவில்லை. ஆனால் வேறு ஏதோ யோசனையில் இருக்கிறாள். முன்னைப் போலக் கலகலப்பில்லை.

போன மாதம் அறுவை செய்த ஒரு பெண் குழந்தைக்கு முகம் ஒரு பக்கம் சோர்ந்திருக்கிறது. சிரித்தால் வாயின் இடது ஓரம் எழவில்லை. வீக்கம்தான். வடிந்ததும் சரியாகிவிடும். நெட்டை அந்த வாரம் லீவு.

இங்கே மழை வருகிற மாதிரி இருந்து வராமல் போகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஜூன் 28

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் பாகத்தை இன்று விட்டுவிடுகிறேன்.

நான் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறாய், ஒன்றைத் தவிர. மாத்திரைக்குக்கூட.

உன் கடிதத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது. 'நெட்டை அந்த வாரம் லீவு.' அதை ஏன் அந்த இடத்தில் எழுதினாய்? நான் கேட்கவே இல்லையே.

சோதித்துக்கொண்டாயா? ஆம், இல்லை, ஏதாவது ஒன்றை எழுது. வருகிற ஞாயிறுகளில் காலையில் போன் செய்வேன். எடு.

அக்கா


ஜூலை 19

அன்புள்ள அக்கா,

நலமா? நான் நலம். வாலு நலம், அவளைச் சுற்றியிருக்கிற பொருட்கள்தான் நலமில்லை. அறுவைக்கு முந்தின ஸ்கேன், தடுப்பூசி எல்லாவற்றுக்கும் அண்ணன் வீட்டில் வந்து இருக்கிறோம். வந்த மூன்றாம் நாளே ரிமோட் இரண்டாகிவிட்டது. அதனால் இப்போது டிவி அண்ணன் வைக்கிற சத்தத்திலேயே நிற்கிறது. மாடி வீட்டுக்காரர் செய்தி கேட்க நம் டிவியே போதும் என்கிறார்.

அண்ணனுக்கும் வாலுவுக்கும் அப்படி ஒரு ஒட்டுதல். சுவரோரம் இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து கட்டை அடுக்கினால், நான் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் சாப்பிட வரமாட்டார்கள். அவர் வீட்டிலும் குழாயை முழங்கையால்தான் மூடுகிறார். "கழுவின கை எதையும் தொடக் கூடாது. விரல் பட்டுட்டா அந்தக் கை அறுவைக்கு ஆகாது" என்று பாடம். "பாத்திரம் கழுவறதுக்கு எதுக்குண்ணா இவ்வளவு?" என்றேன். இப்போது வாலுவும் முழங்கையால்தான் எல்லாவற்றையும் தள்ளுகிறாள்.

போன வாரம் அவளுக்கு லேசாக ஜுரம். அண்ணன் தெர்மாமீட்டரை வைத்தார். அது பீப் பீப் என்று அடித்துவிட்டது. இவர் பிடித்துக்கொண்டே இருக்கிறார். "டாக்டரே, வெந்துடுச்சு, அடுப்பை அணைக்கலாம்" என்றேன். சிரித்தார். ரொம்ப நேரம் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது பக்கத்தில்தான் இருந்தார். உன் பெயரைப் பார்த்ததும் போனை என்னிடம் நீட்டி, "குளிக்கிறேன்னு சொல்லு" என்றார். தலை காய்ந்துதான் இருந்தது. உங்களுக்குள் என்ன சண்டை?

நெட்டை டாக்டர் வேலையை விட்டுப் போகிறாராம். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்து, "வாலுவுக்கு எப்ப அறுவை?" என்று கேட்டார். செப்டம்பர் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அண்ணன் வந்துவிட்டார். நல்ல பெண். கை சில்லென்று இருந்தது.

அங்கே ஒரு குழந்தையைப் பார்த்தேன். மே மாதம் அண்ணன் அறுவை செய்ததாம். கூப்பிட்டால் திரும்புகிறது அக்கா! எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரிக்கும்போது மட்டும் வாய் ஒரு பக்கம்தான் போகிறது. அதன் அம்மா அண்ணனைக் கும்பிட்டு, "காது கேக்குதே டாக்டர், அது போதும்" என்றார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரொம்ப இளகிய மனசு.

செப்டம்பரில் நீ வந்தால் எனக்குத் தெம்பாக இருக்கும்.

தங்கை


ஆகஸ்ட் 24

அன்புள்ள அக்காவுக்கு,

வாலுவுக்கு அறுவை செப்டம்பர் 13. அன்று இரண்டு அறுவைகள், அவளுடையது முதல்.

நெட்டை போய்விட்டாள். நல்ல இடம். புதிய ஜூனியருக்கு அந்தச் சத்தம் இன்னும் பிடிபடவில்லை. வந்துவிடும்.

நீ கேட்டதை மறக்கவில்லை. இத்தனை வருடமாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்தவன் நான். அந்தப் பக்கம் போய் உட்கார இன்னும் நேரம் கிடைக்கவில்லை. உனக்குத் தேர்வுத்தாள் திருத்தும் காலம் ஆயிற்றே; சிரமப்பட்டு வரவேண்டாம். தங்கையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி


செப்டம்பர் 12, மாலை, உன் வீட்டு முன்னறை

அன்புள்ள தம்பிக்கு,

நீ அடுத்த அறையில் இருக்கிறாய். இருந்தாலும் எழுதுகிறேன். எழுதச் சொன்னவன் நீதான்.

இன்று நான் வந்து சேர்ந்தபோது தங்கை குளித்துக்கொண்டிருந்தாள். நீயும் வாலுவும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கட்டை அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். வாலுவின் பை திறந்து கிடந்தது, மேலாகவே கிலுகிலுப்பை. எடுத்தேன். நிழல் விழாத பக்கமாக வந்தேன். செருப்பைக் கழற்றியிருந்தேன். காது உயரத்துக்குக் குனிந்து, கை நீளத் தூரத்தில் ஆட்டினேன்.

இருவரும் திரும்பவில்லை.

தங்கை துண்டோடு வந்து வாசலில் நின்றாள். "என்னக்கா பண்றே?" என்றாள். நான் மறுபடி ஆட்டிக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் உங்கள் இரண்டு முதுகையும் பார்த்தாள். பிறகு வந்து என் கையிலிருந்து அதை வாங்கித் தானே ஆட்டினாள், வேகமாக. நீ ஒரு சிவப்புக் கட்டையின் மேல் ஒரு மஞ்சள் கட்டையை வைத்தாய். வாலு அதைத் தட்டிவிட்டாள். தங்கை தொப்பென்று தரையில் உட்கார்ந்தாள். அந்த அதிர்வுக்குத்தான் நீங்கள் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினீர்கள்.

"எப்பக்கா வந்தே?" என்று சிரித்தாய். அப்புறம் தங்கையின் கையில் இருந்ததைப் பார்த்தாய். உனக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

"மேல் சுருதி கொஞ்சம் போயிருக்கு. அவ்வளவுதான்" என்றாய்.

"டிரில் சத்தம் மாறுறது கேக்குதாண்ணா?" என்றாள் தங்கை. நீ அவள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, "வாலுவுக்கு என் கிளாஸ்மேட் பண்ணட்டும். நான் பேசிடறேன். அவனும் நல்ல கை" என்றாய். நீ சொன்ன வேகத்தில், பல நாளாகத் தயாராக வைத்திருந்த வாக்கியம் என்று தெரிந்தது.

தங்கை வாலுவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் கேட்டேன்: "ரெண்டாவது ஒரு குழந்தை இருக்குன்னு எழுதியிருந்தியே, அதுக்கு யாரு?"

"அது என் பேஷன்ட்" என்றாய்.

இதற்குத்தான் இந்தக் கடிதம். நம் குழந்தையை உன் கையிலிருந்து வாங்கிக்கொண்டோம். வாங்கிக்கொள்ளத் தெரியாத இன்னொருத்தி நாளைக்குக் குழந்தையோடு வருகிறாள். ஒரு குழந்தை பாதி முகத்தில் சிரிக்கிறது. நெட்டை தொட்டால் நிறுத்துவாய்; அவள் காதைத்தான் நீ நம்பியிருந்தாய். அவள் போனதே அதனால்தான் என்று நினைக்கிறேன். என்னிடம் நிரூபணம் இல்லை. அந்தக் குழந்தைக்கு வந்தது வீக்கமாகவே இருக்கலாம். நாளைக்கு எல்லாம் நன்றாக முடியவும் கூடும். அப்படி முடிந்தால் எனக்கு இன்னும் பயமாக இருக்கும். நீ அடுத்ததற்குப் போவாய்.

இந்த வேலையை எடுத்துவிட்டால் உனக்கு வேறு எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். நம் மூவரில் குடும்பம் நடத்துபவள் தங்கை ஒருத்திதான். நான் பாடப்புத்தகத்தோடும் நீ ஆஸ்பத்திரியோடும் வாழ்ந்துவிட்டோம். ஆராய்ச்சி இருக்கிறது, குழந்தைகளைச் சோதிக்கும் திட்டம் இருக்கிறது, கற்பிக்கலாம் என்றெல்லாம் நான் எழுதினால் அது உனக்கு ஆறுதல் இல்லை. எழுதாமல் விடுகிறேன்.

நாளைக் காலை கை கழுவப் போவதற்கு முன் நீயே சொல்லிவிடு. நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

அக்கா


செப்டம்பர் 13

நேற்று எழுதிய இதை உன்னிடம் கொடுக்கவில்லை. காலையில் நாங்கள் எழுந்தபோது நீ கிளம்பிப் போயிருந்தாய். இன்று நடந்ததை இனி நீ ஒரு விதமாகவும் நான் ஒரு விதமாகவும் சொல்லுவோம். அதனால் நடந்ததை மட்டும் இதிலேயே சேர்க்கிறேன்.

வாலுவை உன் கிளாஸ்மேட் உள்ளே கொண்டுபோனார். தங்கை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில் எனக்கு மறுபக்கம் ஒரு பெண், மடியில் பச்சைக் கவுன் போட்ட குழந்தை. "உங்களுக்கு யாரு பண்றாங்க?" என்றாள். சொன்னேன். "எங்களுக்குப் பெரிய டாக்டரே பண்றாரு. ராசியான கையாம்" என்றாள். குழந்தை என் கண்ணாடியைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. வாயின் இரண்டு ஓரமும் ஒன்றாக எழுந்தன.

நர்ஸ் வந்து அதை வாங்கிக்கொண்டு இரண்டாவது அறுவை அறைக்குப் போனாள்.

நான் எழுந்து கை கழுவும் இடத்துக்குப் போனேன். உள்ளே வரக் கூடாது என்று எழுதியிருந்தது, வாசலில் நின்றேன். நீ எனக்கு முதுகைக் காட்டிக் கழுவிக்கொண்டிருந்தாய். ஒரு பக்கம் நர்ஸ், ஒரு பக்கம் புதிய ஜூனியர். "தம்பி" என்றேன். நர்ஸ் திரும்பினாள். ஜூனியர் திரும்பினான். இன்னொரு தடவை, "தம்பி" என்றேன். குழாய்ச் சத்தம் என்று நீ சொல்லலாம். அவர்களுக்கும் அதே குழாய்தான்.

நர்ஸ் என்னைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள். பிறகு உன் முழங்கையைத் தொட்டாள்.

அந்த நொடியே உன் கை நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாய். பிறகு அவர்கள் இருவர் முகத்தையும் பார்த்தாய்.

"எத்தனை தடவை கூப்பிட்டாங்க?"

"ரெண்டு தடவை சார்" என்றாள் நர்ஸ்.

நீ கழுவிய கைகளை முகத்துக்கு நேரே உயர்த்தியபடி நின்றாய். தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்டியது. ஜூனியர் துண்டை நீட்டினான். நீ அதை வாங்கவில்லை. வலது கையை இறக்கி, விரல்களால் குழாயை மூடினாய். தொப்பியைக் கழற்றினாய். என்னைக் கடந்து பின்பக்கப் படி வழியாக இறங்கிப் போனாய்.

பச்சைக் கவுன் குழந்தையைத் தாயிடம் திருப்பிக் கொடுத்தார்கள். "ஏங்க, என்னாச்சு? பெரிய டாக்டர் எங்க?" என்று அவள் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாள். என்னையும் கேட்டாள்.

வாலு மதியம் வெளியே வந்தாள். கண் விழித்ததும் அழுதாள். அழும்போது வாயின் இரண்டு ஓரமும் ஒன்றாக இறங்கின. தங்கை என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

இப்போது விளக்குப் போடும் நேரம். நீ இன்னும் வீட்டுக்கு வரவில்லை. "அண்ணனுக்குப் போன் பண்ணிப் பாக்கட்டுமாக்கா?" என்றாள் தங்கை.

எழுதியாயிற்று என்றேன்.